எந்த மாநிலத்தில் வாழ்க்கை நன்றாக இருக்கும்? மாசசூசெட்ஸும் டெக்சாஸும்

அமெரிக்காவின் சிஎன்பிசி தொலைக்காட்சி ஆண்டுதோறும் தொழில் நடத்த ஏற்ற மாநிலங்களை வரிசைப்படுத்தி வெளியிடுகிறது. 2023இல் டெக்சாஸுக்கு 6ஆம் இடம் கிடைத்தது. ஆனால் அதே பட்டியலுக்குள், மக்கள் அங்கே எப்படி வாழ்கிறார்கள் என்பதற்குத் தனியாக ஒரு பிரிவு உண்டு. உடல்நலம், பாதுகாப்பு, குழந்தைகள் காப்பகம், உரிமைகள் எல்லாம் அதில் வரும். அந்தப் பிரிவில் டெக்சாஸ்தான் கடைசி. இத்தனைக்கும் 2010க்கும் 2020க்கும் இடையில் அந்த மாநிலத்தின் மக்கள்தொகை 2.51 கோடியிலிருந்து 2.91 கோடியாக உயர்ந்தது. எண்ணிக்கையில் வேறெந்த மாநிலமும் இவ்வளவு வளரவில்லை.

கடைசி இடம் பெற்ற மாநிலத்துக்கு ஏன் இத்தனை பேர் போகிறார்கள்? பட்டியல் போட்டவர்கள் தவறாக எண்ணிவிட்டார்களா, போகிறவர்களுக்கு விவரம் தெரியவில்லையா? இரண்டும் இல்லை. பட்டியல் ஒன்றை அளக்கிறது, லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பும் குடும்பம் இன்னொன்றை அளக்கிறது. வாழ்க்கைத் தரத்தை ஒப்பிடுவதில் உள்ள சிக்கல் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

பணத்தை மட்டும் எண்ணினால் போதாது என்ற எண்ணம் புதிதல்ல. 1990இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் மனித வளர்ச்சிக் குறியீட்டை வெளியிட்டபோது வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்துக் கணக்கிட்டது. பாகிஸ்தானியப் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் அதை முன்னின்று உருவாக்கினார். அமர்த்தியா சென்னின் சிந்தனை அதற்கு அடித்தளமாக இருந்தது. ஒரு மனிதரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைவிட, அவரால் என்னவாக இருக்க முடிகிறது, என்ன செய்ய முடிகிறது என்று கேட்க வேண்டும் என்பது சென்னின் வாதம். நோய் வந்தால் சிகிச்சை பெற முடிகிறதா, பிள்ளையை நல்ல பள்ளிக்கு அனுப்ப முடிகிறதா, பயமில்லாமல் தெருவில் நடக்க முடிகிறதா? நாடுகளைப் போலவே மாநிலங்களையும் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்வது மாசசூசெட்ஸும் டெக்சாஸும். ஒன்று வடகிழக்கு மூலையில் சுமார் 70 லட்சம் பேர் வாழும் சிறிய மாநிலம். மற்றது பிரான்ஸை விடப் பெரிய நிலப்பரப்பு. இரண்டிலும் தமிழர்கள் நிறையப் பேர். பாஸ்டனுக்கு மேற்கே ஆஷ்லாந்தில் லட்சுமி கோயில் இருக்கிறது, ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லாந்தில் மீனாட்சி கோயில் இருக்கிறது. அரசு மக்களுக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு இரண்டு மாநிலங்களும் ஏறக்குறைய எதிரெதிரான பதில்களைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. ஒப்பிட்டுக் கற்க இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைப்பது கடினம்.

சம்பளமும் விலையும்

முதலில் வருமானம். இங்கே சராசரியைப் பார்க்காதீர்கள். சில நூறு கோடீஸ்வரர்கள் இருந்தாலே சராசரி மேலே ஏறிவிடும். எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தி, சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் என்ன என்று பார்க்க வேண்டும். இதற்கு இடைநிலை வருமானம் என்று பெயர். 2023இல் மாசசூசெட்ஸில் இது ஏறக்குறைய 1,00,000 டாலர், டெக்சாஸில் சுமார் 76,000 டாலர். வித்தியாசம் 24,000.

இத்தோடு நிறுத்தினால் மாசசூசெட்ஸ்தான் வென்றது என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு டாலருக்கு இரண்டு இடத்திலும் ஒரே அளவு பொருள் கிடைப்பதில்லை. மத்திய அரசின் பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகம் மாநில வாரியாக ஒரு விலை அளவுகோல் வெளியிடுகிறது. நாட்டின் பொது விலைநிலையை 100 என்று வைத்தால், அண்மை ஆண்டுகளில் மாசசூசெட்ஸ் சுமார் 108, டெக்சாஸ் சுமார் 97. வருமானத்தை இந்த எண்ணால் வகுத்து நூறால் பெருக்கினால், மாசசூசெட்ஸின் ஒரு லட்சம் சுமார் 92,600 டாலராகச் சுருங்குகிறது. டெக்சாஸின் 76,000 சுமார் 78,300 ஆக விரிகிறது. இடைவெளி 14,000 டாலருக்கு இறங்கிவிட்டது. எந்த இரண்டு ஊர்களை ஒப்பிட்டாலும் இந்த வகுத்தலைச் செய்யாமல் சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

இதற்குள்ளும் ஒன்று ஒளிந்திருக்கிறது, அதுதான் வீடு. 2024 நிலவரப்படி மாசசூசெட்ஸில் சாதாரணமான ஒரு வீட்டின் மதிப்பு 6 லட்சம் டாலரைத் தாண்டும். டெக்சாஸில் 3 லட்சத்தை ஒட்டி இருக்கும். ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டிவிட்டு, மீதியை 7 சதவீத வட்டியில் 30 ஆண்டுக் கடனாக வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாசசூசெட்ஸில் மாதத் தவணை சுமார் 3,200 டாலர், டெக்சாஸில் 1,600. ஆண்டுக்கு 19,000 டாலருக்கு மேல் வித்தியாசம். அந்த 24,000 டாலர் சம்பள வித்தியாசத்துக்கு வரி வேறு கட்ட வேண்டும். அதைக் கழித்துவிட்டால் புதிதாக வீடு வாங்குகிறவருக்கு மிச்சம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது.

ஆனால் 1990களிலேயே மாசசூசெட்ஸில் வீடு வாங்கியவருக்கு இதெல்லாம் கிடையாது. அவர் கடனை அடைத்திருப்பார், அதிகச் சம்பளம் முழுதாகக் கைக்கு வரும், வீட்டின் மதிப்பும் பல மடங்காகியிருக்கும். ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் இருக்கும் இரண்டு குடும்பங்களின் வாழ்க்கை, யார் எப்போது வந்து சேர்ந்தார்கள் என்பதைப் பொறுத்து இவ்வளவு மாறுகிறது. மாநில அளவிலான எந்த எண்ணிலும் இது தெரியாது.

வீடு ஏன் இவ்வளவு விலை? பாஸ்டனைச் சுற்றி வேலைகள் பெருகின, வீடுகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. மாசசூசெட்ஸில் 351 நகரங்களும் ஊர்களும் இருக்கின்றன. எங்கே எந்த வகை வீடு கட்டலாம் என்ற விதிகளைப் பெரும்பாலும் அவைதான் வகுக்கின்றன. பெரிய மனையில் தனி வீடு மட்டுமே கட்டலாம் என்று பல ஊர்கள் பல ஆண்டுகளாக வைத்திருந்தன. ஹூஸ்டனில் மற்றப் பெருநகரங்களில் இருப்பது போன்ற நிலப் பயன்பாட்டு மண்டலச் சட்டமே இல்லை. டாலஸைச் சுற்றி வயல்வெளிகள் சில ஆண்டுகளில் வீட்டு வரிசைகளாகிவிடுகின்றன. டெக்சாஸுக்கு மக்களை இழுப்பது வரியைவிட வீடுதான் என்பது என் கணிப்பு.

வருமான வரி இல்லையே?

நம் ஆட்கள் டெக்சாஸைப் பற்றிப் பேசும்போது முதலில் வருவது இதுதான். மாநில வருமான வரி அங்கே இல்லை; 2019இல் மக்கள் வாக்களித்து அதை அரசியலமைப்பிலேயே தடை செய்துவிட்டார்கள். மாசசூசெட்ஸில் வருமானத்துக்கு 5 சதவீத வரி. 10 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள், அதற்கு மேற்பட்ட தொகைக்குக் கூடுதலாக 4 சதவீதம் கட்ட வேண்டும் என்று 2022இல் மக்கள் வாக்களித்தார்கள்.

அப்படியானால் டெக்சாஸ் அரசும் பள்ளிகளும் எதை வைத்து நடக்கின்றன? பெருமளவு விற்பனை வரியும் சொத்து வரியும்தான். மாநில விற்பனை வரி இரண்டிலும் 6.25 சதவீதமே. டெக்சாஸில் உள்ளாட்சிகள் அதன் மேல் 2 சதவீதம் வரை சேர்க்கலாம். சொத்து வரி டெக்சாஸில் வீட்டு மதிப்பில் ஒன்றரை சதவீதத்தை ஒட்டியும், மாசசூசெட்ஸில் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டியும் இருக்கும். 4 லட்சம் டாலர் வீடு என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,000 டாலர், 4,400 டாலர். வாடகைக்கு இருப்பவரும் தப்பவில்லை, வீட்டுக்காரர் அதை வாடகையில் சேர்த்துத்தான் வாங்குவார்.

தொகையைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. வேலை போனால் வருமான வரி தானாகவே குறையும். சொத்து வரி அப்படிக் குறையாது, கடையில் கட்டும் விற்பனை வரியும் குறையாது. அதனால்தான் டெக்சாஸின் வரி அமைப்பு ஏழைகள் மேல் அதிகம் விழுகிறது. வரிக் கொள்கையை ஆராயும் ஐடெப் என்ற நிறுவனத்தின் 2024 கணக்கில், டெக்சாஸில் வருமான ஏணியின் கீழ்ப்படியில் உள்ள ஐந்தில் ஒரு பங்கு மக்கள் தங்கள் வருமானத்தில் ஏறக்குறைய 13 சதவீதத்தை மாநில, உள்ளாட்சி வரிகளாகக் கட்டுகிறார்கள். உச்சியில் இருக்கும் ஒரு சதவீதத்தினர் கட்டுவது 5 சதவீதத்துக்கும் குறைவு. 2 லட்சம் டாலர் சம்பளக்காரருக்கு டெக்சாஸ் குறைந்த வரி மாநிலம்தான். உணவகத்தில் தட்டு கழுவுகிறவருக்கு அப்படி இல்லை.

ஒரு கெட்ட நாள் வந்தால்

இரண்டு ஊர்களை ஒப்பிடும்போது நாம் வழக்கமாக நல்ல நாட்களை வைத்தே கணக்குப் போடுகிறோம். வேலை இருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது, இவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று. இந்த இரு மாநிலங்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் தெரிய வேண்டுமானால், அந்த இரண்டில் ஒன்று கைவிட்டுப்போகும் நாளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாசசூசெட்ஸ் 2006இல், மிட் ராம்னி ஆளுநராக இருந்தபோது, ஏறக்குறைய எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு கிடைக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. பின்னால் ஒபாமா காலத்தில் நாடு முழுமைக்கும் வந்த சட்டத்துக்கு அது முன்மாதிரி. இன்று அங்கே காப்பீடு இல்லாதவர்கள் 100 பேரில் 2, 3 பேர்தான். டெக்சாஸில் 100 பேரில் 16, 17 பேர். நாட்டிலேயே இதுதான் மிக அதிகம். ஆவணமில்லாமல் குடியேறியவர்கள் அங்கே அதிகம் என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் காரணமல்ல. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டை விரிவாக்க மத்திய அரசு செலவில் 90 சதவீதத்தைத் தர முன்வந்தும், டெக்சாஸ் அதை ஏற்கவில்லை. அதனால் குழந்தை இல்லாத, ஊனமில்லாத, 65 வயதுக்குட்பட்ட, வயதுவந்த ஒருவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும், கர்ப்பகாலம் தவிர, அங்கே மெடிகெய்டு பெரும்பாலும் கிடைக்காது. உலகின் மிகப் பெரிய மருத்துவமனை வளாகம் ஹூஸ்டனில்தான் இருக்கிறது. புற்றுநோய்க்கு அங்குள்ள எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையைத் தேடி உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதே ஊரில் துப்புரவு வேலை செய்யும் ஒருவர், காப்பீடு இல்லாததால் மார்பில் தட்டுப்பட்ட கட்டியை ஆறு மாதம் காட்டாமல் இருக்க நேரலாம். மருத்துவத் தரம் வேறு, அந்த மருத்துவம் கைக்கு எட்டுவது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்காத எந்த ஒப்பீட்டையும் நான் ஏற்க மாட்டேன்.

வேலை போனாலும் இப்படித்தான். 2024இல் வேலையிழப்பு உதவித்தொகையின் உச்சவரம்பு மாசசூசெட்ஸில் வாரத்துக்கு 1,000 டாலரைத் தாண்டியது. டெக்சாஸில் அது 600 டாலரை எட்டவில்லை. (ஹெச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு இது எங்கேயும் பெரும்பாலும் கைக்கு எட்டாது. வேலை போனால் 60 நாட்களுக்குள் வேறு வழி தேட வேண்டும் என்ற விதி எல்லா மாநிலங்களுக்கும் பொது.) குறைந்தபட்சக் கூலி மாசசூசெட்ஸில் மணிக்கு 15 டாலர். டெக்சாஸில் 2009இலிருந்து மாறாத மத்திய அரசின் 7.25 டாலர்தான். குழந்தை பிறந்தாலோ வீட்டில் ஒருவர் படுத்துவிட்டாலோ சம்பளத்தில் ஒரு பங்கோடு விடுப்பு தரும் திட்டம் மாசசூசெட்ஸில் 2021 முதல் இருக்கிறது. டெக்சாஸில் அதை முதலாளியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். ஆனால் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும்போது மாசசூசெட்ஸ் வேறு பக்கத்தைக் காட்டும். கைக்குழந்தையை டேகேரில் விட ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் ஆகும், அதுவும் இடம் கிடைத்தால்.

உயிர்

2020 கணக்குப்படி சராசரி ஆயுட்காலம் மாசசூசெட்ஸில் 79.0 ஆண்டுகள், டெக்சாஸில் 76.5. கோவிட் ஆண்டு என்பதால் இரண்டுமே தாழ்ந்திருந்தன. துப்பாக்கியால் இறப்பவர்கள் 2021இல் மாசசூசெட்ஸில் ஒரு லட்சம் பேருக்கு 4க்கும் கீழே, டெக்சாஸில் 15க்கும் மேலே. நாடு முழுவதும் இப்படி இறப்பவர்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள் என்பதைச் செய்திகளை மட்டும் படிப்பவர்கள் கவனிப்பதில்லை. சாலையும் அப்படித்தான். 2000ஆம் ஆண்டு நவம்பர் 7க்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்காத ஒரு நாளும் டெக்சாஸில் இருந்ததில்லை. மாநிலப் போக்குவரத்துத் துறையே இதைச் சொல்லித்தான் விழிப்புணர்வுப் பிரசாரம் செய்கிறது. பெரிய மாநிலம் என்பது உண்மைதான். ஆனால் மக்கள்தொகைக்கு வகுத்துப் பார்த்தாலும் மாசசூசெட்ஸைவிட இரண்டு மடங்குக்கும் மேல். டெக்சாஸில் காரில்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாத இடங்கள் ஏராளம். பாஸ்டனில் 1897இல் தொடங்கிய சுரங்க ரயில், ஆயிரம் குறைகளோடு என்றாலும், இன்னும் ஓடுகிறது.

2021 பிப்ரவரியை விட்டுவிட்டு டெக்சாஸைப் பற்றிப் பேச முடியாது. மாநிலத்தின் பெரும்பகுதிக்குத் தனி மின்கட்டமைப்பு. அக்கம்பக்கத்து மாநிலங்களோடு மிகக் குறைவாகவே இணைந்தது. கடும் பனி வந்தபோது மின் நிலையங்களும் எரிவாயுக் குழாய்களும் உறைந்தன, வெளியிலிருந்து போதிய மின்சாரத்தை வாங்க வழியில்லை. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் நின்றது. அரசு கணக்கின்படி 246 பேர் இறந்தார்கள், அதில் பெரும்பாலோர் குளிரால். மேற்கு மூலையில் இருக்கும் எல் பாசோ வேறு கட்டமைப்பில் சேர்ந்திருந்ததால் பெரும்பாலும் தப்பியது. மின் கட்டணம் மாசசூசெட்ஸில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று குறைசொல்பவர்கள் இதையும் சேர்த்து எடை போட வேண்டும்.

எண்கள் மறைப்பவை

பள்ளிகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தேசிய அளவிலான தேர்வுகளில் மாசசூசெட்ஸ் நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறது. டெக்சாஸ் நடுவிலோ கீழேயோ தெரியும். ஆனால் டெக்சாஸ் வகுப்பறைகளில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும், வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளும் மிக அதிகம். ஒத்த பின்னணி உள்ள பிள்ளைகளை மட்டும் ஒப்பிடும்படி அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் கணக்கைச் சரிசெய்தபோது டெக்சாஸ் பல இடங்கள் மேலேறி முன்வரிசைக்கு வந்தது. பள்ளி என்ன செய்தது, பிள்ளை எதோடு பள்ளிக்கு வந்தது என்று பிரித்துப் பார்க்காவிட்டால் பள்ளிக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

மாசசூசெட்ஸின் பொலிவான எண்களுக்குப் பின்னால் இருப்பதையும் சொல்ல வேண்டும். பாஸ்டன் மத்திய ரிசர்வ் வங்கி பங்கேற்ற 2015 ஆய்வு ஒன்று, பாஸ்டன் பகுதியில் குடும்பங்களின் நிகரச் சொத்தைக் கணக்கிட்டது. வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து 2,47,500 டாலர். அமெரிக்காவிலேயே வேர்கொண்ட கறுப்பினக் குடும்பத்துக்கு 8 டாலர். எட்டாயிரம் அல்ல, எட்டு. நாட்டின் மிகச் செல்வந்த மாநிலங்களில் ஒன்றின் தலைநகரத்தில் இந்த நிலை. டெக்சாஸுக்குள்ளும் டாலஸுக்கு வடக்கே கொலின் கவுன்டி (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) அமெரிக்காவின் வசதியான இடங்களில் ஒன்று. மெக்சிகோ எல்லையோரத்து ஸ்டார் கவுன்டி மிக ஏழ்மையான இடங்களில் ஒன்று. எல்லையோரக் குடியிருப்புகள் சிலவற்றில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர் வசதியும் இன்னும் முழுமையாக வரவில்லை. இரண்டும் ஒரே மாநிலம், ஒரே ஆளுநர், ஒரே சராசரி.

ஆகவே போக நினைப்பவர் மாநிலத்தின் எண்ணோடு நிற்காமல் கவுன்டியின் எண்ணைத் தேட வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் வருடாந்திர சமூக ஆய்வில் வருமானம், வாடகை, காப்பீடு, வேலைக்குப் போகும் நேரம் எல்லாம் கவுன்டி வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. அப்புறம், அந்த எண்களில் தன் வீட்டைப் பொருத்திப் பார்க்க வேண்டும். இருபத்தெட்டு வயது, நல்ல உடல்நலம், கம்பெனி தரும் காப்பீடு என்றால் டெக்சாஸில் வேகமாகச் சேமிக்கலாம், சீக்கிரம் வீடு வாங்கலாம். நாட்பட்ட நோயாளி ஒருவர் வீட்டில் இருந்தாலோ, வருமானம் நிலையில்லாத தொழில் என்றாலோ, கர்ப்பம் தரிக்கத் திட்டமிருந்தாலோ கணக்கு வேறு. 2022 முதல் டெக்சாஸில் கருக்கலைப்பு ஏறக்குறைய முழுவதும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. சிக்கலான கர்ப்பத்தில் எப்போது தலையிடலாம் என்று மருத்துவர்களே தயங்குகிறார்கள்.

எனக்கு இதில் ஒரு பக்கச் சாய்வு உண்டு. வாழ்க்கை இடறும்போது தாங்கிப் பிடிக்கும் மாநிலத்தைத்தான் நான் உயர்ந்ததாக நினைக்கிறேன். ஆனால் உள்ளே நுழைய முடியாத வீட்டு விலையை வைத்துக்கொண்டு மாசசூசெட்ஸ் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது எனக்கு வருத்தம் தருகிறது. இரண்டு மாநிலங்களின் பெரிய குறையும் யாரோ எடுத்த முடிவால் வந்தது, மாற்றவும் முடியும். மாசசூசெட்ஸ் 2021இல் ஒரு சட்டம் இயற்றி, பாஸ்டன் போக்குவரத்து வலைக்குள் வரும் 177 ஊர்களில் அடுக்குமாடி வீடுகள் கட்ட இடம் ஒதுக்கச் சொன்னது. சில ஊர்கள் எதிர்த்தன; மில்டன் என்ற ஊர் இணங்க மறுத்ததால் விஷயம் நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மெடிகெய்டை இதுவரை 40 மாநிலங்கள் விரிவாக்கியிருக்கின்றன. மீதமுள்ள பத்தில் மக்கள்தொகையில் பெரியது டெக்சாஸ்.